தேவையை யார் நிறுப்பது

1

ஏழைக்குத் தொலைக்காட்சி எதற்கு என்று 2006இல் கேட்டார்கள். மிக்சி எதற்கு, கிரைண்டர் எதற்கு என்று 2011இல் கேட்டார்கள். கேட்டவர்கள் வீட்டில் இவை மூன்றும் இருந்தன. இது சுலபமான கிண்டல். இதைச் சொல்லி எதிராளியின் வாயை அடைத்துவிட்டதாகத் திருப்தி கொள்ளலாம். ஆனால் கேள்வி கிண்டலால் அழிந்துவிடவில்லை. நாளைய கூலி நிச்சயமில்லாத ஒருவர், தலைக்கு மேலிருக்கும் கூரையே சொந்தமில்லாத ஒருவர், ஒரு பண்டத்துக்காகக் கடன்படுவது சரியா, அதை அவருக்கு அரசு தருவது முறையா என்று கேட்பதில் உண்மையான அக்கறையும் இருக்கக்கூடும். அந்த அக்கறையை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொண்டுதான் விவாதிக்க வேண்டும்.

கேள்வியின் அடியில் கிடப்பது பொருளாதாரம் அல்ல என்று எனக்குப் படுகிறது. ஒருவருடைய தேவை இன்னது என்று இன்னொருவர் நிர்ணயிக்க முடியுமா என்பதுதான் அங்கே கிடக்கிறது. இதைப் பொதுவில் வைத்துப் பேசினால் சொற்சிலம்பமாகிவிடும். 'தேவை', 'ஆசை', 'ஆடம்பரம்' என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதை நாம் கழித்துவிடலாம்; கழித்தும் இருக்கிறோம். எனவே ஓர் இடத்தையும் ஒரு சந்தர்ப்பத்தையும் எடுத்துக்கொள்கிறேன். இடம், ராயபுரம் கல்மண்டபத்தில் ஆரம்பித்து, காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று கடலை ஒட்டிப் போய் எண்ணூர்க் கழிமுகத்தில் முடியும் நிலப்பட்டை. சந்தர்ப்பம், வீடு மாறுதல்.

வீடு மாறுதலை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஓரிடத்தில் இருக்கும் வரையில் பண்டங்கள் நம் பிரக்ஞையில் தட்டுவதில்லை. பரணில் ஏறியது பரணிலேயே கிடக்கும். மாறும் நாளில்தான் ஒவ்வொன்றும் கையில் எடுக்கப்பட்டு, கொண்டுபோவதா விட்டுப்போவதா என்று முடிவு செய்யப்படுகிறது. அந்த முடிவுக்கு ஒரு விலையும் உண்டு. வடசென்னையில் சாமான் ஏற்றுவது பெரும்பாலும் மீன்பாடி வண்டியில். மீன் ஏற்ற வந்த மூன்று சக்கர வண்டி அது. இப்போது பலவற்றில் பழைய பைக் எஞ்சின் பொருத்தியிருக்கிறார்கள். அதன் பலகையில் ஒரு குடும்பத்தின் உடைமை ஒரு நடையில் அடங்கினால் ஒரு கூலி, இரண்டு நடையானால் இரண்டு கூலி. மாதக் கடைசியில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் தெரியும்: கீழே பீரோ, அதன்மேல் குடங்கள், இடுக்கில் அடுப்பு, சிலிண்டர், உச்சியில் துணிமூட்டை. தொலைக்காட்சிப் பெட்டி மட்டும் வண்டியில் ஏறாது. அதை வீட்டுப் பெண்ணோ பையனோ மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போவார்கள். தேவையைப் பற்றிய எந்தப் புத்தகமும் இவ்வளவு துல்லியமாக ஒரு வரிசையைச் சொன்னதில்லை.

2

இந்தப் பட்டை ஒரு காலத்தில் நிரந்தர உத்தியோகத்தின் பூமி. அசோக் லேலண்ட், என்ஃபீல்டு, பலூன் பட்டறையாக 1946இல் திருவொற்றியூரில் ஆரம்பித்து டயர் கம்பெனியான எம்.ஆர்.எஃப்., துறைமுகம், ரயில்வே. இவற்றில் 'பர்மனென்ட்' ஆனவர் வீட்டுக்குப் பண்டம் வந்த வழி ஒன்று. தீபாவளி போனஸ் வரும். ஒரு வருஷம் மின்விசிறி, இன்னொரு வருஷம் கிரைண்டர். கம்பெனி பெயரைச் சொன்னால் கடைக்காரர் தவணைக்குக் கொடுப்பார். அதே கேட்டுக்குள் ஒப்பந்தக் கூலியாகப் போய் வருகிறவருக்கு அந்த வழி கிடையாது. அவருக்கு உள்ள வழிகள் வேறு: ஏலச்சீட்டு, தண்டல், பெண் வீட்டுச் சீர், அரசாங்கம், காயலான் கடை. இவற்றில் ஒவ்வொன்றும் பண்டத்தோடு சேர்த்து ஒரு உறவையும் வீட்டுக்குள் கொண்டுவருகிறது.

முதலில் பணக்கணக்கு. சென்னையில் வாடகைக்குப் போகிறவரிடம் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. 'வேறு ஒப்பந்தம் இல்லாதபோது' என்ற அந்த மூன்று சொற்கள் போதும். தண்டையார்பேட்டைச் சந்துகளில் சட்டம் நுழையவில்லை. மாதம் ஐயாயிரம் வாடகை என்றால் ஐம்பதாயிரம் முன்பணம். பழைய வீட்டு முன்பணம் கைக்கு வருமுன் புது வீட்டுக்குக் கட்டியாக வேண்டும். பழையதிலும் வெள்ளையடிக்க, உடைந்த குழாய்க்கு என்று பிடித்துக்கொண்டுதான் வரும். ஆக, ஒரு குடும்பத்துக்குப் பண்டம் அதிகம் தேவைப்படும் நாளும், கையில் காசு அறவே இல்லாத நாளும் ஒரே நாளாக அமைந்துவிடுகின்றன.

அந்த நாளில் தண்டல்காரர் வருகிறார். தண்டலின் வாய்ப்பாடு எளிமையானது. பத்தாயிரம் என்று பேர்; கையில் ஒன்பதாயிரம்; நாளுக்கு நூறு ரூபாயாக நூறு நாள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசலும் தினம் குறைந்துகொண்டே போகிறதல்லவா? சராசரியாகக் கையில் நிற்பது நாலாயிரத்து ஐந்நூறு. அதற்கு நூறு நாளைக்கு ஆயிரம். வருஷக் கணக்கில் எண்பது சதவிகிதத்துக்கு மேல் போகிறது. சம்பளச் சீட்டும் கடன் அட்டையும் உள்ளவருக்குக் கடையிலேயே 'வட்டியில்லாத் தவணை' கிடைக்கிறது. அப்படி ஒன்று இருக்கவே முடியாது, வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013இல் வங்கிகளுக்கு எழுதியது. அது உண்மையே. என்றாலும் ஒளிந்திருக்கும் வட்டிக்கும் வாசலில் வந்து நிற்கும் வட்டிக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. முன்பு ஏழை வீட்டுப் பண்டம் என்றால் பித்தளை: அண்டா, குடம், குத்துவிளக்கு. அது பாத்திரமும் ஆகும், சேமிப்பும் ஆகும். கஷ்டம் வந்தால் சேட்டுக் கடைக்குப் போகும். கஷ்டம் தீர்ந்தால் திரும்பி வரும். நசுங்கினாலும் எடை குறையாது. மிக்சி அப்படியில்லை. கடைவாசல் தாண்டிய கணத்திலிருந்து அதன் விலை விழுகிறது. எந்த அடகுக் கடையும் அதை மதிக்காது. அது உழைக்கும், ஆனால் ஆபத்துக்கு உதவாது. கடைசியில் காயலான் கடைத் தராசில் ஏறும்போது, உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக்குத்தான் காசு. அண்டாவை விட்டு மிக்சிக்கு வந்த குடும்பம் ஒரு சௌகரியத்தைப் பெற்று ஒரு பாதுகாப்பை இழந்திருக்கிறது. 'எதற்கு மிக்சி' என்று கேட்பவர் இந்த இழப்பைக் குறிப்பிட்டுக் கேட்டால் அதற்குப் பொருள் உண்டு. அவர் அப்படிக் கேட்பதில்லை. இதுவும் ஒரு ஆடம்பரம் என்றே சொல்கிறார்.

3

ஆடம்பரமா என்று பார்ப்போம். ஆட்டுக்கல்லும் அம்மியும் உரலும் வீட்டோடு சேர்ந்தவை, வீட்டுக்காரனோடு சேர்ந்தவை. சொந்த வீட்டின் பின்கட்டில் அவற்றுக்கு இடம் உண்டு. பத்துக்குப் பத்து அறையில் ஒண்டுக்குடித்தனம் இருப்பவர் ஆட்டுக்கல்லை எங்கே போடுவார்? மாடியில் இருந்தால் இடிக்கும் ஓசைக்குக் கீழ்வீட்டார் சண்டைக்கு வருவார்கள். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அதை வண்டியில் ஏற்றி இறக்க யாரால் ஆகும்? கோயம்புத்தூரில் 1950களில் பிறந்த கிரைண்டர் முதலில் ஓட்டலுக்கும் வசதியானவர் வீட்டுக்கும்தான் போனது. பிறகு அது சுருங்கி, மேஜைமேல் வைக்கும் அளவுக்கு வந்தபோது, அதன் இயல்பான உடைமையாளர் வாடகைக் குடித்தனக்காரர் ஆகிவிட்டார். கல்லை எடுத்துக்கொண்டு வீடு மாற முடியாதவருக்குக் கல் செய்த வேலையை எடுத்துக்கொண்டு மாற ஒரு வழி அது. சொந்த வீட்டுக்காரருக்கு மிக்சி ஒரு சௌகரியம் என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். குடித்தனக்காரருக்கு அது நிலமில்லாத அம்மி.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதைப் போடுபவர் குறைவு. விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் மீன் ஏலம் எடுத்து, கூடையோடு தெருத்தெருவாகச் சுற்றிவிட்டு மதியம் திரும்பும் பெண்ணின் மணிக்கட்டு இருக்கிறதே, அதன் கணக்கு. குளிர்பெட்டி இருந்தால் அரைத்த மாவு மூன்று நாள் தாங்கும்; வாரத்துக்கு இரண்டு முறை அரைத்தால் போதும். இல்லையென்றால் தினம் அரைக்க வேண்டும், அல்லது பாக்கெட் மாவு வாங்க வேண்டும். யந்திரங்களைப் பற்றிக் காந்திக்கு இருந்த அவநம்பிக்கை நமக்குத் தெரியும். அவரே 1924இல் ஒரு உரையாடலில் தையல் யந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் களைப்பதைப் பார்க்கப் பொறாமல் சிங்கர் அதைச் செய்ததாகச் சொல்லி, அதன் பின்னால் அன்பு இருக்கிறது என்பதைக் காரணமாகக் காட்டினார். காந்தியின் தர்க்கத்தை அவர் நிறுத்திய இடத்தில் நாமும் நிறுத்த வேண்டியதில்லை. ஒரு மனுஷியின் களைப்பைக் குறைப்பது அளவுகோல் என்றால், தையல் யந்திரத்துக்கு முன்பே அரைவை யந்திரம் அந்த விலக்குக்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும்.

ஆனால் பண்டம் தனியாக எதையும் செய்துவிடாது. குழாய் இல்லாத வீட்டில் வாஷிங் மெஷின் ஒரு பீரோ. லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசையில் நிற்கும் தெருவில் அதற்கு வேலையில்லை. மின்சாரமும் அப்படியே. பல குடித்தனம் உள்ள வீடுகளில் வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே ஒரு விலை சொல்லி வாங்குகிறார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இல் வந்த சலுகை சப்-மீட்டருக்கு வந்து சேர்வதில்லை. வீடு பார்க்கப் போகும்போதே விசாரணை நடக்கும்.

"ஃப்ரிட்ஜ் கீதாம்மா?"

"இல்லக்கா. டிவி, ஃபேன் ரெண்டுதான்."

"கிரைண்டரு?"

"கெவுருமென்ட்டு குடுத்தது ஒண்ணு கீதுக்கா, சின்னது."

இந்த உரையாடலில் ஒரு பெண் தன் உடைமைகளைக் குறைத்துச் சொல்கிறாள். இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்வதைப் பற்றி நம் நாவல்கள் நிறையப் பேசியிருக்கின்றன. இருப்பதை மறைக்க வேண்டிய ஏழ்மையைப் பற்றி அநேகமாகப் பேசவேயில்லை. நம் எழுத்தில் ஏழையின் குடிசை எப்போதும் காலியாக இருக்கிறது. ஓட்டைப் பானை, கிழிந்த பாய், மினுங்கும் விளக்கு. அது பரிதாபத்துக்கு வசதியான அறை. உண்மையில் அந்த அறை நெரிசலானது. காலடி வைக்க இடமில்லாமல் பண்டங்களுக்கு நடுவே மனிதர்கள் படுத்திருக்கிறார்கள். அந்த நெரிசலை எழுதத் துணிந்தால் பரிதாபத்துக்கு இடமிராது; வேறு ஏதாவது ஒரு உணர்ச்சியை எழுத்தாளன் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

4

அரசாங்கம் கொடுத்ததற்கு வருகிறேன். 2006 தேர்தலில் தி.மு.க. வண்ணத் தொலைக்காட்சி தருவதாகச் சொல்லி, வென்று, கொடுத்தது. 2011 தேர்தலில் அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் தருவதாகச் சொல்லி, வென்று, அரிசி பெறும் குடும்ப அட்டைதாரர் வீட்டுப் பெண்கள் பெயரில் கொடுத்தது. இவை லஞ்சம் என்று தொடுத்த வழக்கில் 2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி, சட்டம் சொல்லும் ஊழல் செயலில் அடங்காது என்றது. கூடவே, அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. 2022 ஆகஸ்டில் இந்த விஷயம் மூன்று நீதிபதிகள் அமர்வின் மறுபரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. சட்டத்தின் முடிவு எதுவாகவும் இருக்கட்டும். 2013 தீர்ப்பின் பக்கங்களில், வாழ்க்கைத் தரம் என்பதன் உள்ளடக்கம் காலத்தோடு மாறும், நேற்றைய ஆடம்பரம் இன்றைய தேவையாகிவிடுகிறது என்ற வாதம் இடம்பெற்றிருப்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்.

இந்த வாதம் பழையது. 1776இல் ஆடம் ஸ்மித் லினன் சட்டையை உதாரணம் காட்டினார். கிரேக்கர்களும் ரோமானியர்களும் லினன் இல்லாமல் சௌகரியமாக வாழ்ந்தவர்கள்தான். ஆனால் தம் காலத்து ஐரோப்பாவில் கௌரவமான ஒரு கூலியாள் அது இல்லாமல் வெளியே தலைகாட்ட வெட்கப்படுவான். ஆகவே அது அத்தியாவசியம் என்றார். 1983இல் அமர்த்தியா சென் இதை எடுத்துத் துலக்கினார். வெட்கமில்லாமல் நடமாட முடிவது எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் ஒரே தேவை. அதற்கு வேண்டிய பண்டம்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. இந்த வாதத்தைத் தொலைக்காட்சிக்கு நான் தயங்காமல் பொருத்துவேன். பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டு ஜன்னலில் நின்று பார்த்து, விரட்டப்பட்டுத் திரும்பியதைப் பார்த்த தெரு எதுவும் 'எதற்கு' என்று கேட்காது.

அப்படியானால் இலவசத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. ஆனால் மத்தியதரம் சொல்லும் இடத்தில் இல்லை. ஓட்டுக்குப் பண்டம், உழைப்பைக் கெடுக்கும் பண்டம் என்கிறார்கள். சொந்த வீடு வாங்கினவருக்கு, பழைய வரிமுறையில், வீட்டுக் கடன் வட்டிக்காக ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ள அனுமதி உண்டு. அதுவும் பொதுப் பணம் விட்டுக்கொடுத்ததுதான். அதனால் யாருடைய உழைப்பும் கெட்டுவிட்டதாக நான் படித்ததில்லை. ஒன்றுக்குச் சலுகை என்று பேர். மற்றொன்றுக்கு இலவசம் என்று பேர்.

உண்மையான குறை, கொடுப்பவரே பண்டத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது. மார்செல் மாஸ் 1925இல் கொடை பற்றி எழுதியபோது, கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பித் தருவது என்ற மூன்று கடமைகளும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடப்பதைக் காட்டினார். கொடையில் கொடுத்தவரின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டே வரும். நம் ஊரில் இது உருவகமாகக்கூட இல்லை. அட்டைப் பெட்டிமேல் முகமே அச்சாகி வந்தது. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். பொருட்பாலில் இரத்தலுக்கு ஓர் அதிகாரம் வைத்து, உடனடியாக இரவச்சத்துக்கு இன்னோர் அதிகாரமும் வைத்தார். கேட்பதில் தவறில்லை, ஆனால் கேட்க நேர்வதைப் போல் அஞ்சத்தக்கது வேறில்லை என்ற இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. குடியரசில் இந்த முரண் தீர்ந்திருக்க வேண்டும். குடிமகள் கேட்பது இரத்தல் ஆகாது. ஆனால் பண்டத்தை மேடையிலிருந்து நீட்டுகிறபோது பழைய உறவு திரும்பி வந்துவிடுகிறது.

மின்வாரியத்தின் குடிசை இணைப்பை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். அதில் ஆரம்பத்தில் ஒரு சிறு விளக்குக்குத்தான் அனுமதி. அரசு தொலைக்காட்சி கொடுத்த பிறகு அந்தத் தொலைக்காட்சிக்கும், மிக்சி முதலியவை கொடுத்த பிறகு அவற்றுக்கும் அனுமதி சேர்ந்தது. அதாவது அரசு எதைக் கொடுத்ததோ அது குடிசையின் தேவையாயிற்று; எதைக் கொடுக்கவில்லையோ அது குடிசையின் அத்துமீறலாக நின்றது. தேவையின் பட்டியல் விலைப்பட்டியலோடு சேர்ந்து கோட்டையிலிருந்து வந்தது.

5

காயலான் கடையில் இந்தப் பட்டியல் செல்லாது. காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்த பெயர் என்று சொல்வதுண்டு. பழைய இரும்பு எடைக்கு எடுப்பது அதன் முதல் வேலை. அதை ஒட்டியே, ஓடக்கூடியதைப் பிரித்தெடுத்துப் பழுது பார்த்து விற்கும் சிறு மெக்கானிக் கடைகள் முளைக்கின்றன. வைண்டிங் கருகிய மின்விசிறிக்குப் புதுக் காயில் கட்டி, கண்டென்சர் மாற்றி, இறக்கையில் பெயின்ட் அடித்து மாட்டிவைத்திருப்பார்கள். வீடு மாறி வந்த குடும்பம் முதல் வாரத்தில் அங்கே வந்துவிடும்.

"ஓடுமாண்ணே?"

"ஓடும்மா. காயிலு புச்சு. பேரிங் சத்தம் போட்டா எடுத்துனு வா, பாத்துக்கலாம்."

அந்த 'எடுத்துனு வா'வில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. பெரிய கடை தரும் உத்தரவாதச் சீட்டில் ஒரு பக்கம் நிபந்தனை இருக்கும். இங்கே ஒரு முகம் இருக்கிறது. ஏமாற்றுவது இல்லை என்று சொல்லவில்லை; காயில் புதுசு என்று சொல்லிப் பழையதைத் தலையில் கட்டுபவர்களும் உண்டு. ஆனால் வாங்குகிறவர் இங்கே தட்டிப் பார்க்கிறார், ஓட விட்டுப் பார்க்கிறார், விலை பேசுகிறார், வேண்டாமென்று நடக்கிறார். தன் தேவையைத் தானே நிறுக்கிறார். தண்டல்காரரிடமும் மேடையிலும் சீர் கொண்டு வரும் மாமனாரிடமும் அவருக்குக் கிடைக்காத ஒரு அந்தஸ்து இங்கே, அழுக்கெண்ணெய் படிந்த தரையில் கிடைக்கிறது.

இருந்தும் பழையது வாங்குவதில் ஒரு கூச்சம் இருக்கிறது. விருந்தாளி வந்தால் அந்தப் பெட்டிமேல் ஒரு துணி விழுகிறது. இந்தக் கூச்சத்தை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நம் வட்டத்தில் பழையது வாங்குவது பெருமை. 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் பொறுக்கியதை இன்றும் சிலாகித்துப் பேசுகிறோம். அட்டை கிழிந்த, வேறு யாரோ கோடு போட்ட ஒரு புத்தகம் நமக்கு மரியாதை தருகிறது. வேறு யாரோ காய்கறி வைத்திருந்த குளிர்பெட்டி அவருக்கு மரியாதைக் குறைவு ஆகிறது. நமக்குப் புதுப் புத்தகம் வாங்க முடியும் அல்லது ஒருநாள் முடியும் என்பது ஊருக்குத் தெரியும். அதனால் பழையது நம் ருசியாகிறது. அவருக்கு முடியாது என்பதும் ஊருக்குத் தெரியும். அதனால் பழையது அவருடைய விதியாகத் தோற்றம் கொள்கிறது. எளிமையைப் போதிக்கிறவர்கள் பார்க்கத் தவறுவது இதைத்தான். விட்டுவிடுவதற்கு முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

6

தேவையைச் சுமப்பவரே நிறுக்கட்டும் என்பது என் கட்சி. இதற்கு வரக்கூடிய ஆட்சேபம் எனக்குத் தெரியும். ஆசைக்கு எல்லை யார் போடுவது, விளம்பரம் தூண்டிவிட்ட ஆசையும் தேவையாகுமா என்று கேட்கலாம். நாலு மாடி ஏறி, குறுகிய படியில் பக்கவாட்டில் திருப்பி, நூறு நாள் தண்டல் கட்டி ஒரு குளிர்பெட்டியைக் கொண்டுவருகிறவர் ஆசையைப் பற்றி எந்தப் பாடமும் கேட்க வேண்டியவர் இல்லை. பண்டத்தின் எடை அவருக்கு முதுகில் தெரியும். கதவுக்கு வந்து இறக்கிவைத்துவிட்டுப் போகிற வீட்டில்தான் ஆசைக்கு எல்லை இல்லை.

ஆனால் இந்தக் கட்சிக்கு இரண்டு இடத்தில் சோதனை உண்டு. ஒன்று வீட்டுக்குள். சுமப்பவரும் முடிவு செய்பவரும் ஒரே ஆளாக இருப்பதில்லை. பெரிய தொலைக்காட்சியா குளிர்பெட்டியா என்ற தகராறில் மாவு அரைக்கும் கைக்கு ஓட்டில்லை என்றால், 'அவரவர் தேவை' என்பது ஆணின் தேவைக்கு இன்னொரு பேர். 2011 திட்டம் பெண்ணின் பெயரில் கொடுத்தது என்பதை நான் இலவசத்தின் கணக்கில் வரவாகவே வைப்பேன்.

மற்றொன்று, மாறுவதையே தேர்ந்தெடுக்க முடியாதவர்களின் நிலைமை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு வடசென்னைக் கரையிலிருந்தவர்கள் திருவொற்றியூர் கார்கில் நகரின் தற்காலிகக் குடில்களுக்குப் போனார்கள். அந்தக் குடில்களும் 2005இல் தீப்பிடித்தன. பலருக்கு மறுவீடு நகரின் இன்னொரு கோடியான செம்மஞ்சேரியில். கடலிலிருந்து பிழைத்த குடத்தை நெருப்பிலிருந்து பிழைக்கவைத்து, நெருப்பிலிருந்து பிழைத்ததை லாரியில் ஏற்ற வேண்டும். பின்னாளில் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டவர்களுக்குச் சாமான் மாற்ற 5,000 ரூபாயும் ஓராண்டுக்கு மாதம் 2,500 ரூபாயும் நிர்ணயித்தார்கள். வண்டி வாசலில் வந்து நிற்க, சில மணிநேரத்தில் எதை விடுவது என்று முடிவெடுப்பது நிறுப்பது ஆகாது. தராசு அங்கே இன்னொருவர் கையில்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. வெள்ளநீர் புகுந்த வீடுகளில் எண்ணெயும் புகுந்தது. தண்ணீரில் நனைந்த மோட்டாரைக் காயவைத்து ஓட்டிப் பார்க்கலாம். எண்ணெய்ச் சேற்றில் முங்கியதை என்ன செய்வது? புயல் நிவாரணமாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். எண்ணெயால் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய். போனஸில் ஒன்று, சீரில் ஒன்று, தண்டலில் ஒன்று, அரசு கொடுத்தது ஒன்று என்று இருபது வருஷத்தில் சேர்ந்த ஒரு சமையலறையை ஒரே தொகையாக யாரோ கூட்டிச் சொன்னார்கள். இதே எண்ணூரில்தான் 1970இலிருந்து 2017 மார்ச் வரை அனல்மின் நிலையம் ஓடியது. அதன் மின்சாரம் நகரமெங்கும் மிக்சிகளையும் குளிர்பெட்டிகளையும் ஓட்டியது. சாம்பல் இங்கே தங்கியது. மின்சாரத்தின் உண்மையான விலையைக் கட்டிவிட்டவர்களிடம் 'உனக்கு எதற்கு' என்று கேட்பதில் அறியாமை மட்டும் இருப்பதாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்படியானால் சமூகம் என்ன செய்ய வேண்டும்? கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பண்டத்தை நீட்டுவதற்கு முன், தேர்ந்தெடுக்கத் தடையாக நிற்பவற்றை விலக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் வாங்க முடியாதபடி சட்டத்தின் ஓட்டையை அடைப்பது, குடித்தனத்துக்கு ஒரு மீட்டர், தண்டலுக்குப் பதில் நியாயமான சிறு கடன், பழுது பார்ப்பவருக்கு ஒரு இடம், குழாயில் தண்ணீர். இவை வந்த பிறகு அந்தப் பெண் கிரைண்டர் வாங்குகிறாளா, அண்டா வாங்குகிறாளா, ஒன்றும் வாங்காமல் மகளின் படிப்புக்கு வைத்துக்கொள்கிறாளா என்பது அவள் பாடு. அவள் தவறாகவும் தேர்ந்தெடுக்கலாம். தவறாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் எல்லோருக்கும் இருக்கிறது. அதை அவளிடம் மட்டும் பறித்துவைத்துக்கொண்டு, அதற்குக் கருணை என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.